ஞியா வாழ்ந்த இடங்களின் பட்டியல்

1

இந்த நாட்டில் ஓர் அரசு அலுவலகத்திடம் ஒரு காகிதத்தின் நகல் கேட்டு மனுப் போட்டால், மனு கைக்குக் கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் தருகிறோம் என்றோ தரமாட்டோம் என்றோ பதில் சொல்லியாக வேண்டும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கணக்கில் சேராது. மறுத்தால் காரணம் எழுத வேண்டும். மேல்முறையீடு யாரிடம் என்றும் எழுத வேண்டும். பொது நூலகத்தில் உட்கார்ந்து இந்தச் சட்டத்தை முதல் தடவை படித்தபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. முப்பத்துநான்கு வருடம் வருவாய்த் துறையில் இருந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். இப்படி ஒரு விதி என் மேஜைக்கு மேலே தொங்கியிருந்தால் முதல் வருடமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வேறு பிழைப்பைப் பார்த்திருப்பேன்.

ஸ்ரீபெரும்புதூரில் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் கல்பனாவோடு வந்து சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மினசோட்டா மாநிலம், செயின்ட் பால் நகரம். ஐந்து மாதம் பனி, மீதி மாதங்களில் பனியைப் பற்றிய பேச்சு. காலை நடை, நூலகம், பதினொரு மணிக்குத் தபால்காரர், மூன்றரைக்குப் பள்ளிப் பேருந்திலிருந்து பேத்தியை இறக்கிக்கொள்வது. இதுதான் என் தற்போதைய அலுவல். நான் தமிழில் கேட்பேன், பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அந்தப் பதிலிலும் பாதி தோளைக் குலுக்குவதுதான்.

வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் இருக்கப்போகிறேன் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். வந்து பார்த்தால் எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஹ்மோங் மக்களுடையவை. லாவோஸ் நாட்டு மலைகளிலிருந்து போருக்குத் தப்பி ஓடிவந்தவர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் சூவாவும் அவர்களில் ஒருவர். அவருடைய அண்ணன் ஞியா இந்த வருடம் அடித்துக் கொல்லப்பட்டார். செத்தவருடைய ஆவி பிறந்த ஊருக்குப் போய்ச் சேர, அவர் வாழ்ந்த இடங்களின் பட்டியல் ஒன்று வேண்டும் என்பது அவர்கள் முறை. அந்தப் பட்டியலில் நான்கு வருடங்களுக்கு உரிய இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பத்தான் மேற்படி சட்டத்தின் கீழ் நான் மனுப் போட்டேன்.

2

சித்திரை முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. மாங்காய் கிடைக்காமல் கல்பனா பச்சை ஆப்பிளில் பச்சடி வைத்தாள். வேப்பம்பூவுக்கு மாற்று எதுவும் இந்த மாநிலத்தில் விளைவதில்லை. கசப்பில்லாமலே வருடம் பிறந்திருக்கிறது என்று மாப்பிள்ளை சிரித்தார். நாங்கள் இலையில்லாமல் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இரண்டு மைல் தள்ளி, மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஞியாவை மூன்று பேர் இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கார்ச் சக்கரத்தைக் கழற்றும் கம்பி அது. பனி உருகி மீன் ஏறும் பருவம். ஞியா ஒரு வாளி மீன் பிடித்து வைத்திருந்தார். அது எங்கள் மீன், உன் ஊருக்கு ஓடு என்று அவர்கள் கத்தியதாக, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்த ஒரு பெண்மணி சாட்சி சொன்னார். ஞியாவுக்கு ஆங்கிலம் தெரியாது. புரியாத இடத்தில் சிரிப்பது அவர் வழக்கம். சிரித்த வாயில்தான் முதல் அடி விழுந்தது. அடுத்தது மண்டையில். தடுக்கப்போன முழங்கை இரண்டாக ஒடிந்தது. கீழே விழுந்த பிறகு விலாவில் அடித்தார்கள். பதினான்கு வரை எண்ணினேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டேன் என்றார் அந்தப் பெண்மணி. மீன்களை ஒவ்வொன்றாக மிதித்துவிட்டுப் போனார்களாம்.

ஞியா இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார். அகதியாக இருந்தவர்களிடம் நான் பார்த்த பழக்கம் இது: தங்களுடைய காகிதங்களை வீட்டில் வைக்கமாட்டார்கள். குடிவரவு அட்டை, முகாம் சீட்டு, தடுப்பூசிச் சான்று, எல்லாம் உடம்போடு இருக்க வேண்டும். எந்த நேரத்தில் ஓடவேண்டி வருமோ? அதில் பணம் இருக்கும் என்று அடித்தவர்கள் பையை அறுத்தார்கள். காகிதத்தைப் பார்த்ததும் ஆற்றில் எறிந்துவிட்டார்கள். ஞியா கையில் வைத்திருந்த எல்லா ஆவணமும் அவரோடு ஒரே மணி நேரத்தில் போயிற்று.

மூவரையும் போலீஸ் மறுநாளே பிடித்துவிட்டது. அது வேறு வழக்கு, அது தன் வேகத்தில் நடக்கிறது.

இயற்கையல்லாத சாவு என்றால் பிரேதப் பரிசோதனை. அங்கும் அதே விதி, இங்கும் அதே விதி. ஆனால் ஹ்மோங் மக்களுக்கு உடம்பைக் கீறக்கூடாது. கீறினால் அடுத்த பிறவியில் அந்தக் குறையோடு பிறப்பார்கள். உலோகமும் உடம்பில் இருக்கக்கூடாது. சட்டைப் பொத்தான், பல்லில் அடைத்த ஈயம் எல்லாம் பாரம். சூவா மருத்துவ அதிகாரியின் அலுவலக வாசலில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டார். அவர்கள் கண்ணியமாகவே தூக்கிவிட்டார்கள். கண்ணியமாகவே அறுத்தார்கள்.

"அவங்க மேல தப்பில்ல தம்பி. நானே எத்தனையோ பிரேத விசாரணை நடத்தியிருக்கேன்" என்று நான் ஆறுதலாகச் சொன்னேன்.

சூவா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "நீங்க எத்தனை பேரை வெட்டுறீங்க?"

3

சூவாவின் ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன். அவர்கள் மொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறுவதில்லை. அதனால் அவருடைய ஆங்கிலத்திலும் எல்லாம் இப்போதே நடக்கும். இருபது வருடத்துக்கு முன் விழுந்த குண்டு இப்போது விழும்.

எங்களைச் சேர்த்தது பச்சை மிளகாய். வந்த முதல் கோடையில், வேலிக்கு அந்தப் பக்கம் விரல் நீள மிளகாய் காய்த்துத் தொங்குவதைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். ஒரு கை நிறையப் பறித்துக் கொடுத்தார். அப்படியே கடித்துத் தின்றேன். "தீ லாவ்!" என்றார். அவர்கள் மொழியில் அண்ணன். அன்றிலிருந்து அவர் எனக்குத் தம்பி.

அவர்களுடைய மொழியில் ஒரே 'போ'வைச் சுருதி மாற்றிச் சொன்னால் பந்து, எறி, முள், பார் என்று பொருள் மாறும். எட்டுச் சுருதி. நான் முயன்றபோது சூவாவின் மனைவி சிரிப்பை அடக்க சமையலறைக்குள் ஓடினார். எழுத்து? இருந்ததாம், தொலைந்துவிட்டதாம். ஆதியில் பனி மூடிய வடக்கில் இருந்தார்கள். பிறகு சீன தேசம். சீனச் சக்கரவர்த்திகளின் படை தலைகளை வெட்டிக் குவித்துத் துரத்தியபோது ஆற்றைக் கடக்கும் அவசரத்தில் புத்தகங்கள் தண்ணீரில் போயின. பெண்கள் எழுத்துகளைப் பாவாடையில் பூவேலையாகத் தைத்துக் காப்பாற்றினார்கள். பாவாடை பிழைத்தது, படிக்கத் தெரிந்தவர்கள் பிழைக்கவில்லை. இப்போது எழுதுவது பாதிரியார்கள் நாற்பது வருடத்துக்கு முன் அமைத்துக் கொடுத்த ரோமன் எழுத்து. சூவாவின் பேரனுக்கு அதுவும் தெரியாது. அவனும் என் பேத்தியும் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

சீனத்திலிருந்து லாவோஸ் மலைகள். அங்கே அமெரிக்காவின் மறைமுகப் போர். ஹ்மோங் ஆண்களுக்குத் துப்பாக்கி கொடுத்துச் சண்டைக்கு விட்டார்கள். தோற்றதும் விமானத்தில் ஏறிப் போனார்கள்.

"பெரிய ஆளுங்க ஏறுறாங்க. நாங்க ஓடுறோம். கதவு மூடுது. சக்கரத்தைப் பிடிச்சுத் தொங்குறவன் விழுறான், எங்க முன்னாடி விழுறான்" என்றார் சூவா. "நான் மேக்கோங் ஆத்துக்கு நடக்கிறேன். அண்ணன் காட்டுக்குள்ள போறான். அண்ணி, மூணு புள்ளைங்க. எங்க பாப்பா அழுது. ஆத்தங்கரையில சிப்பாய் இருக்கான். அழாம இருக்க அபின் குடுக்கிறோம். அதிகமா குடுக்கிறோம்."

அவர் மிளகாய்ச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

நான்கு வருடம் கழித்து ஞியா தனியாக ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாமுக்கு வந்தார். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. எங்கே இருந்தேன் என்று, அதற்குள் அமெரிக்கா வந்துவிட்ட தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அமெரிக்கா வந்தும் மேற்கே கலிபோர்னியாவில் தனியாகத் தோட்ட வேலை செய்தார். போன இலையுதிர் காலத்தில்தான் தம்பி வீட்டுக்கு வந்தார்.

சாவு வீட்டில் வழிகாட்டும் பாட்டு என்று ஒன்று பாடுவார்கள். பாடுகிறவர் செத்தவரின் ஆவியைக் கையைப் பிடித்து அழைத்துப் போவார். கடைசியாக இருந்த வீட்டில் தொடங்கி, பின்னோக்கி, வாழ்ந்த ஒவ்வோர் இடத்துக்கும் கூட்டிப்போய், அங்கே குடித்த தண்ணீருக்கும் எரித்த விறகுக்கும் அந்த மண்ணின் தெய்வத்திடம் நன்றி சொல்லி விடைபெறச் செய்து, கடைசியில் பிறந்த வீட்டில் நிறுத்துவார். ஆண்பிள்ளை என்றால் வீட்டின் நடுத்தூணுக்கு அடியில் அவனுடைய நஞ்சுக்கொடி புதைத்திருக்கும். அதுதான் அவனுடைய முதல் சட்டை. அதை எடுத்துப் போட்டுக்கொண்டால்தான் மூதாதையரிடம் போக முடியும்.

"ஒரு இடம் விட்டாலும் அண்ணன் அங்கேயே நிக்கிறான். பிறகு திரும்பி வரான். அவனுக்குப் புள்ளை இல்ல, என் வூட்டுக்குத்தான் வரான். என் பேரப் புள்ளைங்களைக் கூப்பிடுறான்" என்றார் சூவா.

பதினேழு இடங்களைச் சூவா சொன்னார், நான் எழுதினேன். கடைசி, பிறந்த ஊரான தேங் கா. போரின் நடுவிலேயே குண்டு விழுந்து எரிந்து, எதிரிப் படையின் கையில் போன ஊர். அதற்குப் பிறகு ஒருவரும் அங்கே கால் வைக்கவில்லை என்றார். ஏழாவதற்கும் எட்டாவதற்கும் நடுவில், காட்டில் போன நான்கு வருடத்துக்கு, நான் ஒரு கோடு போட்டேன்.

"முகாம்ல அமெரிக்கா ஆள் கேள்வி கேக்கிறான். பதில் சொல்லலைன்னா விடமாட்டான். அண்ணன் அவன்கிட்ட மட்டும் சொல்றான். அவன் டைப் அடிக்கிறான்."

ஆக, இடம் கோப்பில் இருந்தது. கோப்பு என்றால் என் ராஜ்யம்.

4

ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஒரு விளக்கம் வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மனுவில் குறை காண முடியாது. செத்தவரின் முழுப்பெயர், பிறந்த இடம், முகாம், வாரிசு உறுதிமொழி, சாட்சிக் கையெழுத்து, இறப்புச் சான்றின் நகல், இணைப்புகளின் வரிசை எண். பிறகு தொலைபேசியில் விசாரித்தேன். என் நண்பரின் சகோதரர் 'எக்ஸ்பயர்' ஆகிவிட்டார் என்றேன். "விசாவா, அட்டையா?" என்று கேட்டாள் அந்தப் பெண். முப்பத்துநான்கு வருடம் எழுதிய ஆங்கிலம் ஒரே கேள்வியில் ஓய்வு பெற்றது.

"அப்பா, இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றாள் கல்பனா. "உங்க க்ரீன் கார்டே இன்னும் கைக்கு வரல. அதே ஆபீஸுக்கு நீங்க லாயர் நோட்டீஸ் மாதிரி எழுதிக்கிட்டிருக்கீங்க. கடுப்பாகி உங்க ஃபைலைத் தூக்கி ஓரமா வெச்சுட்டா?"

"வைக்கமாட்டாங்க. சட்டம் இருக்கு."

"நீங்க அந்த நாற்காலியில இருந்தப்ப வெச்சீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல."

பத்து வேலை நாள் மே முதல் வாரத்தில் முடிந்தது. உடல் ஈமக்கூடத்தில் குளிரில் இருந்தது. இடம் தெரியாமல் பாட்டைத் தொடங்க வேண்டாம் என்று சூவா பிடிவாதமாக இருந்தார். குலப் பெரியவர்கள் மே கடைசி வரை தவணை கொடுத்தார்கள்.

மே இருபத்தொன்றாம் தேதி எங்கள் ஊரில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன் என் ஊர்ப் பெயரை இங்கே ஒருவராலும் உச்சரிக்க முடிந்ததில்லை. மறுநாள் தொலைக்காட்சி முழுவதும் அதுதான். நான் சைக்கிளில் குறுக்கே போன நிலம். செருப்புகள் சிதறிக் கிடந்தன. போர்வைக்கு வெளியே ஒரு கால். என் கண் தன் பழக்கத்தில் அந்த இடத்தின் எல்லைகளைக் குறித்துக்கொண்டது: வடக்கே சாலை, தெற்கே காலி மனை.

சூவா ஒரு பாத்திரத்தில் கோழிச் சாறு எடுத்துக்கொண்டு வந்தார். யார், எந்தக் கட்சி, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. "உடம்பு முழுசா கிடைக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியில் எனக்கு எல்லப்பன் ஞாபகம் வந்தார்.

ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் ஒரு கல் குவாரி. வெடி முந்திக்கொண்டு ஒரு தொழிலாளி செத்தான். உரிமத்தில் தகராறு இருந்ததால் பிரேத விசாரணை என்னிடம் வந்தது. குவாரிப் பேரேட்டில் அவன் பெயர் சேகர். போலீஸ் முதல் தகவலில் முனுசாமி. பெயர் வேறுபாட்டுக்குச் சான்று கேட்டுக் காகிதத்தைத் திருப்பி அனுப்பினேன். நடுவில் சனி, ஞாயிறு. கத்திரி வெயில். மருத்துவமனையில் ஐஸ் தீர்ந்துபோயிற்று.

திங்கட்கிழமை காலை அவனுடைய அப்பா எல்லப்பன் கல் உடைக்கும் சம்மட்டியோடு என் அறைக்குள் வந்தார்.

"இன்னா சார், பேரு ரெண்டு கீதுன்னு எம் புள்ளைய அழுக வுட்டுட்டியா? பேரு வெச்சவன் நானு. நானே சொல்றேன், அவன்தான். இன்னும் இன்னா சர்டிபிகேட் ஓணும் உனுக்கு?"

"பெரியவரே, முறைன்னு ஒண்ணு இருக்கு. வெளிய உக்காருங்க."

"முறையா? ஆஸ்பத்திரியாண்ட வந்து மூஞ்சிய காட்டு. புழு வெச்சிகினு கீது. அதாண்ட கேளு உம் முறைய!"

முதல் அடியில் மேஜைக் கண்ணாடி. இரண்டாவது என் இடது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு வெளியே தெரிந்தது. அவர் மூன்றாவதற்கு ஓங்கியபோது பியூன்கள் பிடித்துத் தரையில் அமுக்கி, ஆளுக்கு இரண்டு மிதித்தார்கள். நான் தடுக்கவில்லை. பணியில் இருந்த அரசு ஊழியரைத் தாக்கியதாகப் புகார் எழுதினேன், வலது கையால். மகனைப் புதைத்த அன்று எல்லப்பன் சப்ஜெயிலில் இருந்தார். நடைமுறைப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. என் கோப்பில் ஒரு தணிக்கைக் குறிப்புகூட விழவில்லை.

இதைச் சூவாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இங்கே இதைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

"அந்த அப்பா இப்ப எங்க இருக்கார்?" என்றார்.

"தெரியாது."

"நல்லா அடிக்கிறார்" என்றார் சூவா. சாற்றை ஒரு கோப்பையில் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

மே முப்பதாம் தேதி அலுவலகத்திலிருந்து ஓர் அச்சடித்த அட்டை வந்தது. அப்படி ஒரு பெயரில் எவரும் இல்லை என்ற கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. கையெழுத்து இல்லை. இதைப் பதில் என்று நான் ஏற்கவில்லை.

5

ஈமச்சடங்கு ஜூன் முதல் வெள்ளியில் தொடங்கியது. மூன்று நாள். முதல் நாள் காலையில் நகருக்கு வெளியே ஒரு பண்ணைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அண்ணனுக்குத் தம்பி ஒரு மாடு கொடுக்க வேண்டும், அவன் கையாலேயே கொல்ல வேண்டும் என்றார்கள். நெற்றியில் ஒரே அடி, பிறகு கத்தி. சூவா சம்மட்டியை ஓங்கினார். மாடு முதல் அடியிலேயே முன்னங்கால் மடிந்து விழுந்துவிட்டது. சூவா நிறுத்தவில்லை. மண்டை ஓடு உடைந்து உள்ளே போகும் வரை, கொம்பு பிய்ந்து தொங்கும் வரை, முகமெல்லாம் ரத்தத்தோடு, மூச்சு வாங்க, அடித்துக்கொண்டே இருந்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. கைக்கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த பண்ணைக்காரன் மட்டும் "போதும்" என்று இரண்டு முறை சொன்னான்.

கூடத்தில் ஞியாவைச் சணல் துணி உடையில் கிடத்தியிருந்தார்கள். பொத்தான் இல்லை, ஊக்கு இல்லை. மருத்துவ அதிகாரி நூலால் தைத்திருந்தார். உலோகம் வேண்டாம் என்று சூவா கும்பிட்டதில் அவ்வளவு பலித்திருந்தது. தலைமாட்டில் முரசு. ஆறு மூங்கில் சேர்ந்த கேங் என்னும் ஊதுகுழலை ஒருவர் ஊதியபடியே குனிந்து சுழன்றார். குழல் பேசும், செத்தவருக்கு அது புரியும் என்றார்கள். வழி காட்டுகிறவர் கூடத்தைக் கூட்டிப் பெருக்கியவர் போலச் சாதாரணமான ஒரு கிழவர். ஞியாவின் காதருகே உட்கார்ந்து பெயர் சொல்லி அழைத்தார்: "சோங் ஞியா! எழுந்திரு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தப் பேர்ல கூப்பிட்டா வரமாட்டான்."

முகாமில் ஞியாவோடு ஒரே வரிசைக் குடிசையில் இருந்த ஒரு முதியவர், பக்கத்து மாநிலமான விஸ்கான்சினிலிருந்து வந்தவர். அவர் சொன்னதைச் சூவாவின் மருமகள் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். ஹ்மோங் ஆணுக்குப் பிறந்தபோது ஒரு பெயர் வைப்பார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பிறந்ததும் மாமனார் மாமியார் அதற்கு முன்னால் இன்னொரு பெயர் சேர்த்துக் கொடுப்பார்கள். 'சோங்' அப்படி வந்தது. குடும்பத்தைக் காட்டில் பறிகொடுத்த பிறகு, அந்தப் பெயரை வைத்துக்கொள்ள எனக்கு முகமில்லை என்று ஞியா முகாமில் சொல்லிவிட்டாராம். கேள்வி கேட்ட அமெரிக்கரிடமும் வெறும் ஞியா என்றே கொடுத்தாராம்.

முதியவர் முடிப்பதற்குள் சூவா அவர் மேல் பாய்ந்துவிட்டார். பெரியவர்கள் கொடுத்த பெயரை அண்ணன் திருப்பிக் கொடுத்தான் என்பது அவர் குலத்துக்கே அவமானம். கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். முதியவரின் மூக்கு உடைந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. நான்கு பேர் இழுத்தும் கையை எடுக்க முடியவில்லை.

"அடி! அடி!" என்று மூச்சுத் திணறக் கத்தினார் அந்த முதியவர். "உங்க அண்ணன் என் பக்கத்துல படுத்து அழுறான், நீ எங்க இருக்க?"

சூவாவின் கை தானாகத் தளர்ந்தது.

எனக்கு அப்போது புரிந்தது. தம்பி அண்ணனை மரியாதையாகப் பெரிய பெயரால்தான் சொல்வான். போலீஸிலும் அதையே சொன்னார், இறப்புச் சான்றிலும் அதுவே ஏறியது, என் குறையற்ற மனுவிலும் அதுவே போயிற்று. பெயர் வேறுபாடு. முப்பத்துநான்கு வருடம் அடுத்தவர் காகிதத்தில் நான் சிவப்பு மையால் வட்டமிட்டது.

வழி காட்டுகிறவர் அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பெயரையும் சொல்லி அழைத்து, பாட்டைத் தொடங்கினார். செயின்ட் பால், கலிபோர்னியா, முகாம், ஆறு. ஏழாவது இடத்தில் நிறுத்தினார். முரசும் நின்றது. எல்லாரும் சூவாவைப் பார்த்தார்கள். அவர் அண்ணனின் தலைமாட்டில் மண்டியிட்டார்.

"தீ லாவ், இந்த இடம் எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும். நீ தனியா போ, நன்றி சொல்லு, அடுத்த ஊர்ல பாடுற இவர் காத்திருக்கார். வழி தெரியலைன்னா என் வூட்டுக்கு வராத. புள்ளைங்களைத் தொடாத. என்னைத் தொடு."

மருமகள் இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. ஆனால் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

6

சூவா வீட்டில் ஜூலையில் சின்னப் பேத்திக்குக் காய்ச்சல். மருத்துவர் காது வீக்கம் என்றார், மருந்து கொடுத்தார், சரியாயிற்று. செப்டம்பரில் மறுபடி. சூவா ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக் கதவைத் தட்டி ஒரே கேள்வி கேட்பார்: "தபால்?" ஆவியைக் கடைசியாக ஒருமுறை வீட்டுக்கு அழைத்து விடுவிக்கும் சடங்கு அடுத்த வருடம். அதற்குள் இடம் தெரிந்தால் அப்போது சொல்லி அனுப்பலாம், அதுவும் போனால் வேறு வழியில்லை என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் எடை குறைந்துகொண்டே வந்தது. மிளகாயை இந்த வருடம் பறிக்காமல் செடியிலேயே காயவிட்டார்.

இரண்டாவது மனு ஜூன் பத்தாம் தேதி போனது. பெயர்: ஞியா. முகாம் வரிசை எண்ணை அந்த முதியவர் கொடுத்தார், உடைந்த மூக்கில் பிளாஸ்திரியோடு. பெயர் ஏன் இரண்டு என்பதற்கு ஒரு பக்க விளக்கம் எழுதி இணைத்தேன். அப்படி ஒரு விளக்கத்தை என் மேஜைக்கு யாராவது அனுப்பியிருந்தால் முழுதும் படித்திருக்கமாட்டேன். நினைவூட்டு ஒன்று, இரண்டு. மேல்முறையீடு. அக்டோபர் கடைசியில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டி வாசல் கதவையே மூடிவிட்டது. தபால் பெட்டி இருந்த இடத்தை நான் மண்வாரியால் தோண்டிக் கண்டுபிடித்தேன். கல்பனா கையுறை கொண்டுவந்து கொடுத்தாள்.

பதில் கனமான உறையில் வந்தது. உறையைப் பிரிக்காமலே சூவாவின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். சமையலறை மேஜையில் அவரும் மனைவியும் மருமகளும் உட்கார்ந்தார்கள். உள்ளே நகல்கள், சில வரிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டவை. முகாம் பேட்டித் தாளில் நான்கு வருடத்துக்கான கேள்விக்கு எதிரே பத்து வரி. நான் ஆங்கிலத்தில் படித்தேன், மருமகள் சொன்னாள்.

விண்ணப்பதாரர் குடும்பத்தோடு காட்டில் நடந்து பிறந்த ஊரான தேங் காவுக்குத் திரும்பினார். ஊரில் ஒருவரும் இல்லை. எரிந்த சொந்த வீட்டின் மேல் இலைக்கூரை போட்டு நான்கு வருடம் ஒளிந்து வாழ்ந்தார். வேறு எங்கும் இருக்கவில்லை. கடைசி வருடம் சிப்பாய்கள் கண்டுபிடித்தார்கள். விண்ணப்பதாரர் கிழங்கு தோண்டப் போயிருந்தார். மனைவியை வாசலிலும் பிள்ளைகளை உள்ளேயும் சுட்டிருந்தார்கள். நால்வரையும் வீட்டின் நடுத்தூண் இருந்த குழியில் புதைத்ததாகச் சொல்கிறார்.

"இன்னொரு தடவை" என்றார் சூவா. படித்தேன். "இன்னொரு தடவை." படித்தேன்.

அவர் என் பழைய பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி மேஜையில் விரித்தார். கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார். அங்கிருந்து விரலை மெதுவாக நகர்த்திக் கடைசி வரிக்குக் கொண்டுபோனார். தேங் கா. அண்ணனை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்களோ, அதே இடம்.

"அவன் சட்டையை எடுக்கத் தோண்டுறான்" என்றார். "அங்க அவங்க இருக்காங்க. நாலு பேரும்."

பிறகு மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு, நான் இதற்கு முன் எந்த ஆணிடமும் கேட்காத ஒரு சத்தம் போட்டார். மனைவி அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தார், மூச்சு நின்றவரை எழுப்புவது போல. குழந்தைகள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார். முதல் வேலையாகச் சின்னப் பேத்தியைக் கூப்பிட்டு, நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை மடித்து என் பக்கம் நகர்த்தி, தேதி எழுதித் தரச் சொன்னார். பாடுகிறவரிடம் காட்ட வேண்டுமாம். அலுவலகத்தில் செய்வது போலவே மேல் மூலையில், பெறப்பட்டது என்று எழுதி, அதன் கீழே குறித்தேன்: 11.12.1991, புதன்கிழமை.